பொட்டலத்துக்கு அளவெடுப்பவள்

வாயில் குண்டூசி. வலது காலால் மிஷினை மிதித்தபடியே இடது கையை மட்டும் கீழே இறக்கி, பக்கத்தில் நிற்கும் நாயின் விலாவைத் தடவிக்கொண்டிருக்கிறாள் டெய்லரம்மா. கண் துணியை விட்டு நகரவில்லை. நான்கு விரல்களும் மேலிருந்து கீழாக ஒரு முறை, கீழிருந்து மேலாக ஒரு முறை போகின்றன. அழுத்தவும் இல்லை, சும்மா தொடவும் இல்லை. பிறகு ஊசியை வாயிலிருந்து எடுத்துப் பஞ்சுப் பொதியில் குத்திவிட்டு, "நேத்து உனக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாப் போச்சுடா" என்கிறாள். நாய் வாலால் தரையை இரண்டு அடி அடிக்கிறது. ஒப்புக்கொள்கிறதா, இல்லை என்கிறதா என்று எனக்குத் தெரியாது. எனக்கும் நாய்களுக்கும் எப்போதுமே ஏழாம் பொருத்தம்.

நான் எதிர்வீடு. எங்கள் இரண்டு வாசலுக்கும் நடுவே ஒரு நடைபாதை, அதன் கோடியில் மாடிப்படி. அவ்வளவுதான் இடைவெளி. அவள் வீட்டு முன்னறைதான் கடை. பள்ளிக்கூடச் சீருடை தைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவள் தைத்த பாவாடையின் ஓரத்தைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே மடித்து வைத்த துணியே ஒரு கைக்குட்டைக்கு ஆகும். கேட்டால் சொல்வாள்: "வளர்ற உடம்புக்கா. இன்னைக்கு அளவுக்குத் தெச்சா நாளைக்கு மூச்சு முட்டும். நாளைக்கு அளவுக்குத் தெச்சா இன்னைக்குக் கோமாளி மாதிரி நிக்கும். விட்டுப் பிடிக்கணும்." அந்த 'விட்டுப் பிடிக்கணும்' அவள் வாயில் நாளுக்கு நூறு தடவை வரும். நூல் அறுந்தாலும் அதுதான், வாடிக்கையாளர் சண்டைக்கு வந்தாலும் அதுதான்.

நாய் வந்த கதை சின்னது. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகள் ஒரு நாள் வேலை முடிந்து வரும்போது துண்டில் சுற்றி எதையோ மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். "என்னடி பொட்டலம்?" என்று அம்மா கேட்டாள். பொட்டலத்திலிருந்து ஒரு மூக்கு எட்டிப் பார்த்தது. அன்றிலிருந்து அதற்குப் பெயர் பொட்டலம். காவலுக்கு வளர்க்கிற பெரிய சாதி நாய் என்று யாரும் அப்போது சொல்லவில்லை. இப்போது அது மூட்டை. நடைபாதையில் எதிரே வந்தால் நான் பல்லி மாதிரி சுவரோடு ஒட்டிக்கொள்கிறேன். அது என்னை ஒரு பொருட்டாகக்கூட மதிக்காமல் போய்விடுகிறது, அதுவும் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

பிரச்சினை காலில் ஆரம்பித்தது. முன்னங்கால் இரண்டும் வெளிப்பக்கமாக வளைய ஆரம்பித்தன. வீட்டில் ஆளாளுக்கு டாக்டர் ஆனார்கள். "எலும்புல சத்து இல்ல, முட்டையப் போடு, பால ஊத்து" என்றார் அவள் கணவர். மகள் கடையிலிருந்து சுண்ணாம்புச் சத்து மாத்திரை கொண்டுவந்தாள். டெய்லரம்மா தன் பங்குக்குக் கோழியை வேகவைத்துப் பிசைந்து வைத்தாள். பொட்டலம் எதையும் வேண்டாம் என்று சொல்லும் பிறவி இல்லை. பூசணி மாதிரி உருண்டது, கால் இன்னும் வளைந்தது. கால் வளைய வளைய இவர்கள் இன்னும் அள்ளி வைத்தார்கள்.

கடைசியில் நாய் டாக்டரிடம் தூக்கிப்போனார்கள். மகளுக்கு விடுப்பு கிடைக்காததால் கூடப் போனது நான், என் போதாத காலம். டாக்டர் சின்ன வயதுப் பெண். நாயைத் தரையில் நிற்க வைத்து, நாலு பக்கமும் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இவனுக்குச் சத்து குறைச்சல் இல்லம்மா, ஜாஸ்தி. எலும்பு இன்னும் பிஞ்சு. அதுமேல இவ்வளவு பாரத்த ஏத்தினா அது வளையாம என்ன பண்ணும்? மாத்திரைய இன்னைக்கே நிறுத்துங்க. எடை மெதுவா ஏறட்டும், கால் தானா நிமிரும். ஆனா வளர்ச்சி நின்னப்புறம் வந்து நின்னீங்கன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. எலும்பு அப்படியே இறுகிடும். ஆயுசுக்கும் நொண்டிதான்."

 திரும்பி வந்து வீட்டு வாசலில் சாவியைத் துழாவும்போது சொன்னாள். "பாசமா வைக்கிறோம்னு நெனச்சு அது கால ஒடிச்சுக்கிட்டிருந்தோம்க்கா." அழுவாளோ என்று பயந்தேன். அழவில்லை. உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலைப் பாதியாக வெட்டினாள். டாக்டர் சொன்ன அளவுக்குத் தீனியைக் கொட்டி, அந்த உயரத்தில் வெளிப்பக்கம் ஒரு சிவப்பு நூலை இறுக்கிக் கட்டினாள். அன்றிலிருந்து அந்த வீட்டின் சட்டம் அந்த நூல்தான்.

நூல் நின்ற இடத்தில் நிற்கிற நூலும் அல்ல. தினமும் விலாவைத் தடவுவாள். எலும்பு விரலுக்குச் சட்டென்று தட்டுப்பட வேண்டும், ஆனால் கண்ணுக்குத் துருத்திக்கொண்டு தெரியக் கூடாது. அப்புறம் முக்காலியில் ஏறி நின்று மேலிருந்து பார்ப்பாள், இடுப்பு தெரிகிறதா என்று. இஞ்ச் டேப்பை எடுத்தால் போதும், பொட்டலம் தானாக வந்து நின்று மோவாயைத் தூக்கிக் காட்டும், கழுத்தளவு கொடுக்கிற பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரியே. எல்லாம் முடிந்த பிறகு நூல் மயிரிழை மேலே போகும், அல்லது கீழே வரும். வளர்கிற உடம்பாயிற்றே, போன வார அளவு இந்த வாரத்துக்கு ஆகாது. கூட்டாமலே இருந்தால் வற்றிவிடும், கண்டபடி கூட்டினால் கால் போய்விடும்.

இன்னொன்றும் பார்ப்பாள். அதை நான் காபி குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் வந்து சொல்வாள். "இன்னைக்குக் கெட்டியாப் போயிருக்குக்கா. பின்னால வர்றதப் பாத்தாத்தானே முன்னால போனது சரியான்னு தெரியும்?" நான் காபியைக் கீழே வைத்துவிடுவேன்.

எடை பார்ப்பது பழைய இரும்புக் கடையில். தூக்க முடிந்தவரை அவளே தூக்கிக்கொண்டு நின்றாள், பிறகு அது தானாகவே தராசுப் பலகையில் ஏறப் பழகிவிட்டது. கடைக்காரர் ஒவ்வொரு முறையும், "என்னம்மா, இன்னைக்காவது போட்டுட்டுப் போறீங்களா, இல்ல வழக்கம்போலப் பாத்துட்டுத் திருப்பி எடுத்துக்கிட்டுப் போறீங்களா?" என்பார். பொட்டலம் அவர் கையை நக்கும்.

முன்பு நாளுக்கு நான்கு வேளை தின்றுகொண்டிருந்ததை மூன்றாக்கியதும் அவள்தான். பட்டென்று ஒரு வேளையை வெட்டவில்லை. அந்த ஒரு வேளையிலிருந்து தினம் ஒரு சிட்டிகை எடுத்து மற்ற மூன்றிலும் போட்டுக்கொண்டே வந்தாள். நேரத்தையும் நைசாக நகர்த்தினாள். ஒரு நாள் அந்த வேளையே காணாமல் போயிருந்தது, நாய்க்குத் தெரியவே தெரியாது. "திடீர்னு நிறுத்தினா ஏமாந்துபோயிடும்க்கா. பாவம், நம்மள நம்பித்தானே இருக்கு?" என்றாள்.

இவ்வளவு செய்தும் இரும்புக் கடைத் தராசு அவளை மதிக்கவில்லை. நூல் சொன்னது ஒன்று, முள் காட்டியது வேறு. அவள் பதறாமல் வீட்டுக்கு வந்து பொட்டலத்தின் வாயைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். பிஸ்கட் வாடை!

இங்கே லாரிக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் கணவர். பகல் இரவு பாராமல் லாரி ஓட்டிய மனிதர். சரக்குக்கு மேல் ஏறித் தார்ப்பாய் கட்டும்போது தவறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. எலும்பு ஒட்டிவிட்டது, நடந்தால் சரியாகும் என்றுதான் டாக்டர்கள் சொன்னார்கள். ஆனால் அவர் நடக்கவில்லை. எத்தனையோ ஊர் தாண்டிப் போனவர் அறையைத் தாண்டிப் போக மறுத்துவிட்டார். ஜன்னலோர நாற்காலியில் உட்காருவார், பக்கத்தில் சாத்திய கைத்தடி சாத்தியபடியே இருக்கும். யார் கெஞ்சினாலும் "நாளைக்குப் பாக்கலாம்" என்பார். பேச்சும் குறைந்துபோயிற்று. பொட்டலம் வந்த பிறகுதான் அந்த முகத்தில் விளக்கு எரிந்தது. அது வந்து மடியில் தலையை வைக்கும், அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பிஸ்கட் எடுப்பார், அக்கம்பக்கம் பார்ப்பார், கொடுப்பார். கடைக்குப் போகிற எவரைக் கண்டாலும் ஜன்னல் வழியாகக் கூப்பிட்டு ஒரு பாக்கெட் வாங்கிவரச் சொல்வார் என்பது பிறகு தெரிந்தது.

மகள் குதித்தாள். "டாக்டர் அவ்வளவு சொல்லியும் இப்படிப் பண்ணா எப்படிம்மா? அப்பாகிட்ட கண்டிப்பாச் சொல்லு. இல்லன்னா பொட்டலத்த அந்த ரூம் பக்கமே விடாத."

டெய்லரம்மா மிஷினை நிறுத்தினாள். அவள் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான். "அந்த மனுஷன் கையில மிச்சம் இருக்கிறது அது ஒண்ணுதான்டி. 'இந்தா, தின்னு'ன்னு ஒரு உசுருக்குக் குடுக்கிறது. அதையும் பிடுங்கிட்டு அவர என்ன பண்ணச் சொல்ற?"  எனக்கு அப்போது மகள் பக்கம்தான் நியாயமாகப் பட்டது.

அடுத்த நாள் லாரிக்காரரின் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு தகர டப்பா வந்தது. உள்ளே நாயின் அதே தீனி, அதே கம்பெனியின் இன்னொரு வடிவம், சின்னச் சின்ன எலும்புத் துண்டு மாதிரி இருக்கும். "இது ஸ்பெஷலுங்க. ஏதாவது சொல்லிக் குடுக்கிறப்ப மட்டும் குடுக்கிறது. பிஸ்கட் குடுத்தா வயித்தக் கலக்குமாம், அதான் இது. ரொம்பக் குடுத்துடாதீங்க, டாக்டர் என்னத்தான் திட்டுவாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். 'ரொம்பக் குடுத்துடாதீங்க' என்பதைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னாள். ஏன் அப்படி என்று பிறகு என்னிடம் விளக்கினாள்: "திருட்டுத்தனமாக் குடுத்தாத்தான்க்கா அவருக்கு ருசி. தாராளமாக் குடுங்கன்னா டப்பாவத் தொடவே மாட்டாரு."

ராத்திரி டப்பாவைத் திறந்து பார்ப்பாள். எவ்வளவு குறைந்திருக்கிறதோ அவ்வளவையும் மறுநாள் காலைச் சாப்பாட்டிலிருந்து எடுத்துவிடுவாள். சாயங்காலச் சாப்பாடு மகள் கையால், அதைத் தொடமாட்டாள். காலைச் சாப்பாடு அவள் கையால் வைப்பது, அதில்தான் கை வைப்பாள். அவர் ரகசியமாகக் கொடுத்ததெல்லாம் அவள் கணக்கில் கழிந்தது. நாயின் வயிற்றுக்குள் போனது எப்போதும் நூலளவுதான். இரும்புக் கடை முள் மெல்ல வழிக்கு வந்தது.

"உன் கையால வைக்கிறது நாளுக்கு நாள் குறைஞ்சுக்கிட்டே வருதே, அப்புறம் அது உன்ன மதிக்குமா?" என்று சீண்டினேன்.

"மதிக்காட்டிப் போகட்டும்க்கா. கால் நேரா நின்னாப் போதும்."

இதுவரைக்கும் எனக்கு அவள் மேல் மரியாதைதான். மலைத்துப்போனது பிறகு. ஒரு நாள் அவள் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது டப்பா நாற்காலிக்குப் பக்கத்தில் இல்லை, அறைக் கதவோர மேஜைமேல் இருந்தது. இன்னொரு நாள் போனேன், முன்னறை அலமாரியில் இருந்தது. அப்புறம் சமையலறையில். ஒரே தாண்டலாகப் போகவில்லை, ஊர்ந்து ஊர்ந்து போயிருக்கிறது. லாரிக்காரர் கைத்தடியை ஊன்றி, சுவரைப் பிடித்து, பின்னாலேயே போய்க்கொண்டிருந்தார். டாக்டர் சொல்லி, மகள் அழுது, சொந்தக்காரர்கள் வந்து புத்தி சொல்லி எழுந்திருக்காத மனிதர்! ஒரு கைப்பிடி தீனியைத் திருட்டுத்தனமாக நாய்க்குக் கொடுப்பதற்காக வீட்டைக் குறுக்கே நடந்துகொண்டிருந்தார்.

நான் அவளைப் பார்த்தேன். அவள் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். "டப்பா..." என்று ஆரம்பித்தேன். விரலை உதட்டில் வைத்தாள். ஊசியும் விரலோடு சேர்ந்து நின்றது. "விட்டுப் பிடிக்கணும்க்கா" என்றாள், அவ்வளவுதான்.  அதட்டல் கிடையாது, புலம்பல் கிடையாது. ஒரே தீனி டப்பாவில் நாயின் காலையும் மனிதனின் காலையும் சேர்த்துப் பிடித்துவிட்டாள் இந்தப் பெண்பிள்ளை! அவர் சமையலறை வரை வர ஆரம்பித்ததும் அடுத்த வேலையைக் கொடுத்தாள். "நான் மிஷின்ல இருக்கேன், எழுந்திரிக்க முடியல. மத்தியானச் சாப்பாட்ட மட்டும் நீங்களே வெச்சிடுங்களேன்." மத்தியானம் அவருடையதாயிற்று. நூல் வரைக்கும் அளந்து கொட்டுவார், தட்டிச் சமன் செய்வார். யாரும் பார்க்காதபோது டப்பாவிலிருந்து இன்னும் இரண்டு.

டப்பா பால்கனிக்குப் போன பிறகு ஒரு நாள் அவரை அங்கே பார்த்தேன். வியர்த்துக் கொட்டியது, மூச்சு வாங்கியது. ஒரு கை கம்பியில், ஒரு கை டப்பாவுக்குள். கீழே பொட்டலம் வாயைப் பிளந்து நின்றது. என்னைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டார். அப்புறம் சிரித்துவிட்டார்.

"எங்க வீட்டுல டப்பாவுக்குக் கால் முளைச்சிருக்கு, பாத்தீங்களா?" என்றார். பிறகு முன்னறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவ நகத்துறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டிருக்கா. நீங்க சொல்லிடாதீங்க. தெரிஞ்சுபோச்சுன்னா நிறுத்திடுவா."

நான் சொல்லவில்லை. இப்போது பத்திரிகைக்கு எழுதிவிட்டேன், அதனால் ஒன்றும் ஆபத்தில்லை. பத்திரிகையை அவள் படிப்பதற்கு வாங்குவதில்லை. அதன்மேல் சாக்பீஸால் கோடு போட்டு, சட்டைக் கை அளவுக்குக் கத்தரிப்பாள்.

வளர்ச்சி நிற்கிற சமயம் வந்தது. மறுபடி நாய் டாக்டர், மறுபடி துணைக்கு நான். உள்ளே போகும்போது டெய்லரம்மாவின் கை என் கையைப் பிடித்திருந்தது. டாக்டர் பொட்டலத்தை நடக்கவிட்டாள், திரும்பி வரச் சொன்னாள், குனிந்து முன்னங்கால்களை நீவினாள், படம் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நானும் படத்தைப் பார்க்கக் கிட்டே போய், பொட்டலத்தை ஒட்டியே நின்றேன். நாயைக் கண்டால் சுவரோடு ஒட்டுகிற நான்!

"நேரா இருக்கு" என்றாள் டாக்டர். "ரெண்டு காலுமே. சொன்னத இவ்வளவு ஒழுங்காச் செய்ற ஆள நான் ரொம்பப் பாத்ததில்ல."

டெய்லரம்மா குனிந்து பொட்டலத்தின் முன்னங்கால் இரண்டையும் மேலிருந்து கீழ்வரை ஒரு முறை தடவினாள், இஸ்திரி போட்ட பேன்ட்டின் மடிப்பைத் தடவிப் பார்ப்பது போல. அப்புறம்தான் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"இனிமே மூணு வேளை வேண்டாம்மா" என்றாள் டாக்டர். "ரெண்டு போதும். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு."

"மத்தியானமும் ராத்திரியும் வெச்சா ஆகாதா?"

டாக்டர் யோசித்தாள். "மத்தியானத்தக் கொஞ்சம் முன்னால கொண்டு வாங்க, சாயங்காலத்தக் கொஞ்சம் தள்ளி வைங்க. ஆகும். ஆனா காலையில உங்க பின்னாலயே சுத்தி உசுர எடுப்பான், பரவாயில்லையா?"

"எடுக்கட்டும்" என்றாள்.

வழியில் எனக்குப் பொறுக்கவில்லை. "காலைச் சாப்பாடுதானே உன்னோடது? விடிஞ்சதும் தட்டக் கவ்விக்கிட்டு உன்கிட்டதானே வருது? அத ஏன் விட்ட?"

"மத்தியானத்த எடுத்துட்டா அவரு மறுபடியும் நாற்காலியில உக்காந்துடுவாருக்கா. நான் உக்காந்தா மிஷின் ஓடும். அவரு உக்காந்தா எல்லாம் நின்னுடும்." கொஞ்ச தூரம் நடந்தாள். "எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. இல்லன்னு யார் சொன்னது?"

அதையும் பட்டென்று செய்யவில்லை. வழக்கம்போலச் சிட்டிகை சிட்டிகையாக எடுத்தாள். காலைச் சாப்பாட்டுக்கான நூல் பாட்டிலில் இறங்கிக்கொண்டே வந்து ஒரு நாள் அடியைத் தொட்டது.

அதற்கடுத்த காலையில் பாலை எடுக்கக் கதவைத் திறந்தேன். எதிர்க்கதவும் திறந்திருந்தது. பொட்டலம் தட்டைக் கவ்விக்கொண்டு வந்து அவள் காலடியில் 'டங்'கென்று போட்டுவிட்டு உட்கார்ந்தது. அவள் மிஷினை விட்டு இறங்கித் தரையில் அதன் எதிரே உட்கார்ந்தாள். விலாவைத் தடவினாள், மேலிருந்து கீழாக ஒரு முறை, கீழிருந்து மேலாக ஒரு முறை. பிறகு இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினாள். ஒன்றுமில்லை. பொட்டலம் ஒரு கையை முகர்ந்தது, மற்றதையும் முகர்ந்தது. பிறகு இரண்டையும் நக்கிவிட்டு, கனத்த தலையை அந்தக் கைகளிலேயே வைத்துக்கொண்டது. அவள் அசையவில்லை. பால் கையில் குளிர்ந்துகொண்டிருக்க, நானும் அசையவில்லை.

கடைசியில் எழுந்தாள். தட்டைக் கழுவித் துடைத்தாள். ஜன்னலோரத்தில் காலியாக இருந்த நாற்காலியைத் தாண்டி, முன்னறையைத் தாண்டி, வாசலைத் தாண்டி, என்னையும் தாண்டிப் போனாள். நடைபாதையின் கோடியில், மாடிப்படி தொடங்குகிற இடத்தில், மத்தியானத்துக்கென்று தட்டை வைத்தாள். அங்கிருந்து திரும்பி, துணியை வெட்டுவதற்கு முன் பார்ப்பாளே, அதே மாதிரி ஒரு கண்ணைச் சுருக்கி அந்த நாற்காலி இருக்கும் திசையைப் பார்த்தாள். பிறகு குனிந்து, தட்டை இன்னும் ஒரு சாண் தள்ளி வைத்தாள்.